இறுதியாட்டத்தில் கண்ணை மூடிய உடும்பு

பந்தாட்டப் பைத்தியம் பிடித்த ஒரு காட்டில் ஓர் உடும்பு இருந்தது. காய்ந்த புல்லைக் கொடியால் சுற்றிப் பந்து செய்வார்கள். திடலின் இரு முனைகளிலும் இரண்டு வேங்கை மரங்களுக்கு நடுவே தரையில் ஒரு கொடியை நீட்டிப் போடுவார்கள். பந்து அந்தக் கொடியைத் தாண்டினால் கோல். சூரியன் குன்றைத் தொட்டதும் ஆட்டம் முடிந்துவிடும்.

உடும்புக்குப் பள்ளத்து அணி என்றால் உயிர். அந்த அணியோ ஏழு ஆண்டுகளாக ஒருமுறைகூட வாகைப்பூ மாலையை வென்றதில்லை. ஒவ்வொரு ஆண்டும் தோற்கும், ஒவ்வொரு ஆண்டும் உடும்பு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கும்.

ஆனாலும் காட்டில் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. உடும்புக்குப் பொய் சொல்ல வராது. அதனால் கிழக்கு முனையில் கோடு பார்க்கும் வேலையை எல்லா அணிகளும் சேர்ந்து அதற்கே கொடுத்திருந்தன. வேங்கை மரத்தைக் கவ்விக்கொண்டு, கொடிக்கு நேர் மேலே தொங்கும். சந்தேகம் வந்தால் நடுவரான யானை அண்ணாந்து கேட்கும். உடும்பு “தாண்டியது, என் கண்ணால் பார்த்தேன்” என்றால் கோல், இல்லையென்றால் இல்லை.

அந்த ஆண்டு அரையிறுதியில் பள்ளத்து அணி ஓடை அணியோடு மோதியது. சூரியன் சாயும் நேரம். இரு பக்கமும் கோல் இல்லை. பள்ளத்து அணியின் முயல் பந்தோடு பாய்ந்து வந்தது. பார்க்கத் தாங்காமல் உடும்பு கண்ணை இறுக மூடிக்கொண்டது.

“கோல்!” என்று காடே அதிர்ந்தது.

உடும்பு கண்ணைத் திறந்தது. பந்து கொடியைத் தாண்டி வெகு தூரம் உருண்டுபோய்க் கிடந்தது. உடும்பைக் கேட்க வேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை. மகிழ்ச்சியில் உடும்பு தன் வாலைத் தானே கடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில்தான் ஒரு கேள்வி அதைக் குடையத் தொடங்கியது. நாம் எப்படி ஜெயித்தோம்?

நேராக முயலிடம் போனது. “முயல் தம்பி, நேற்று எப்படி ஜெயித்தோம்?”

“கோல் காத்த மிளா மான் வலப்பக்கம் சாய்ந்தது. நான் இடப்பக்கம் அடித்தேன், அண்ணா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

உடும்புக்குத் திருப்தியில்லை. ஏழு ஆண்டுகளாக முயல் இடமும் வலமும் அடித்துக்கொண்டுதானே இருக்கிறது! நேற்று மட்டும் புதிதாக என்ன நடந்தது? தான் தின்ற கரையானை நினைத்துப் பார்த்தது. வழக்கமான கரையான்தான். ஏறிய மரமும் வழக்கமான மரம்தான்.

அப்போது நரி வந்தது. இறுதியாட்டத்தில் மோதப்போகும் மேட்டு அணியின் ரசிகன் அது. போன ஆண்டு மாலையை வென்ற அணியும் அதுதான்.

“என்ன உடும்பாரே, பலத்த யோசனை?”

உடும்பு விஷயத்தைச் சொன்னது. நரி தாடையைச் சொறிந்தது. “முயல் அடித்தபோது நீர் என்ன செய்துகொண்டிருந்தீர்?”

“நானா? பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.”

“இதற்கு முன் மூடியதுண்டா?”

“ஒருமுறைகூட இல்லையே!” என்ற உடும்பின் வாய் திறந்தபடி நின்றது.

“நான் ஒன்றும் சொல்லவில்லை. இதோ இந்த நாவல் மரத்தைப் பாரும். பழம் விழுகிறதா? இல்லை. இப்போது கண்ணை மூடும்.”

உடும்பு மூடியது. பொத்தென்று ஒரு பழம் விழுந்தது. நரி பின்னங்காலால் மரத்தை உதைத்தது உடும்புக்கு எப்படித் தெரியும்? கண்தான் மூடியிருக்கிறதே!

“அடேயப்பா!” என்றது உடும்பு. பிறகு சற்றுச் சந்தேகத்தோடு கேட்டது: “நீர் மேட்டு அணிக்காரர் ஆயிற்றே. எனக்கு ஏன் இதைச் சொல்கிறீர்?”

“உண்மையை மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது.”

நரிக்குத் தூக்கம் வராதாம்! கேட்டீர்களா குழந்தைகளே?

“ஆனால் நான் கோடு பார்க்க வேண்டுமே?” என்றது உடும்பு.

“இத்தனை ஆண்டுகளில் யானையார் உம்மை எத்தனை முறை கேட்டிருக்கிறார்?”

“இரண்டு முறை.”

“இவ்வளவு பெரிய சக்தியை வைத்துக்கொண்டு, அந்த இரண்டு முறைக்காகவா கண்ணைத் திறந்து வைக்கப்போகிறீர்?”

உடும்பு பிடித்தால் விடுமா? அந்த எண்ணத்தையும் அப்படியே பிடித்துக்கொண்டது.

இறுதியாட்டம் வந்தது. உடும்பு மரத்தைக் கவ்வியது, கண்ணை மூடியது, மூடியதுதான். மேட்டு அணி முட்டி மோதிப் பார்த்தும் கோல் போட முடியவில்லை. ஆரவாரம் கேட்கும்போதெல்லாம் திறந்து பார்க்க அதன் மனம் துடித்தது. ‘பொறு, பொறு’ என்று தன்னையே அடக்கிக்கொண்டது, பாவம். இரு பக்கமும் கோல் இல்லாமல் முடிந்தால், மாலை போன ஆண்டு வென்ற மேட்டு அணிக்கே போகும்.

சூரியன் குன்றை நெருங்கியது. முயல் எங்கிருந்தோ பாய்ந்து வந்து ஓர் உதை விட்டது. பந்து கொடியைத் தாண்டி ஒரு முழம் உள்ளே போய் விழுந்தது. கோல் காத்த கரடி அதன்மேல் குப்புற விழுந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே இழுத்துவிட்டது. பருத்த கரடியின் முதுகு பந்தை எல்லோருக்கும் மறைத்தது. மேலே இருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்.

“கோல்!” என்று முயல் கத்தியது.

“இல்லை!” என்று கரடி உறுமியது.

யானை மெல்ல நடந்து வந்து அண்ணாந்து பார்த்தது. “உடும்பே, பந்து கோட்டைத் தாண்டியதா?”

உடும்பு கண்ணைத் திறந்தது. கீழே முயல் மூச்சு வாங்கியபடி சிரித்த முகத்தோடு நின்றது. அண்ணன் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கை அதற்கு. தாண்டியது என்று சொன்னால் போதும், ஏழு ஆண்டுக் கனவு பலித்துவிடும். உடும்பு வாயைத் திறந்தது. பொய் வரவில்லை.

“எனக்குத் தெரியாது, யானையாரே. நான் பார்க்கவில்லை.”

“அப்படியானால் கோல் இல்லை” என்றது யானை. சூரியன் குன்றைத் தொட்டது. கூட்டத்தின் பின்னால் நரி ஊளையிட்டுக் குதித்தது.

உடும்பு தட்டுத் தடுமாறி மரத்திலிருந்து இறங்கியது. “தம்பி, நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்” என்றது.

“நாங்கள் ஜெயித்துவிட்டோம், அண்ணா” என்றது முயல். “நீங்கள் அதைப் பார்த்திருந்தால் போதும்.”

நீதி: பிறர் உழைத்துப் பெற்ற வெற்றிக்குத் தானே காரணம் என்று எண்ணுபவன், தான் செய்ய வேண்டிய வேலையைக் கோட்டை விடுவான்.