முட்டைக்கோஸ் தின்ற மான்

கடல் தாண்டி வந்த நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்துப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் நாட்டில் பாதி காடாகிவிட்டது. மரம் ஒன்றும் புதிதாக வளரவில்லை, உத்தரவுதான் வந்தது. ராஜாவுக்கு மான் வேட்டை என்றால் உயிர். அவர் விரலை நீட்டிய இடமெல்லாம் காடு. அங்கே மானைத் தொட்டவன் தொலைந்தான்.

ரனுல்ஃப் என்ற நார்மன் பிரபுவின் ஊரில் எட்ரிக் என்றொரு குடியானவன். அவனுடைய முட்டைக்கோஸ் தோட்டமும் போன மாதம் காடாகியிருந்தது. பாவம், அவனிடம் யாரும் சொல்லவில்லை. தோட்டத்தில் மேய்ந்த மானைத் தடியால் ஒரு போடு போட்டான். மான் செத்தது. அவனைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

பிரபுவுக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. ஊர்க்காரர்களுக்கு நார்மன்காரர்கள் பேசும் பிரெஞ்சு தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க ஆல்ட்ரெட் என்ற ஆங்கிலேயனைச் சபையில் வைத்திருந்தார். இரண்டு பேச்சும் புரிந்தவன் அவன் ஒருவனே என்பதால் இரண்டு பக்கத்துத் திட்டும் அவனுக்கே.

"அங்க ஒரு மரம்கூட இல்லீங்க. வெறும் கோசுத் தோட்டம்" என்று அழுதான் எட்ரிக்.

ஆல்ட்ரெட் அதைப் பிரெஞ்சில் சொன்னான். பிரபு முகம் சுளித்தார். "உத்தரவில் காடு என்றிருந்தால் காடுதான். ராஜா எழுதியதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க நான் யார்? தூக்கில் போடுங்கள்."

"போடலாம் பிரபு. முதலில் அவன் சொந்தக்காரர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுவிடலாம்" என்றான் ஆல்ட்ரெட்.

"எதற்கு, அழுவதற்கா?"

"சத்தியம் செய்வதற்கு. எங்கள் ஆட்கள் உங்கள் ஆட்களை மறைவில் கொன்றுவிட்டு, செத்தவன் ஆங்கிலேயன் என்று சாதித்தார்கள் அல்லவா? அதற்காக ராஜா ஓர் உத்தரவு போட்டார். நீங்கள்தான் என்னைச் சந்தையில் வாசிக்கச் சொன்னீர்கள். இந்த நாட்டில் எந்தப் பிணம் விழுந்தாலும் அது நார்மன் பிணம். அப்பா வழியில் இருவர், அம்மா வழியில் இருவர் வந்து, செத்தவன் ஆங்கிலேயன் என்று சத்தியம் செய்தால்தான் அது ஆங்கிலேயப் பிணம். நார்மனைக் கொன்றவனுக்குத் தூக்கு."

"நான் தண்டனையாகக் கொல்கிறேன். அது வேறு."

"நியாயம்தான். ஆனால் உத்தரவில் அப்படி ஒரு சொல் இல்லையே. சேர்க்க நான் யார்?"

பிரபுவுக்கு லேசாக வியர்த்தது. பக்கத்து ஊர்ப் பிரபு அவரைப் பற்றி ராஜாவிடம் கோள் சொல்லச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே எட்ரிக்கின் சொந்தக்காரர்களை வரவழைத்தார். இவனைத் தூக்கில் போட்டபின் ஆங்கிலேயன் என்று சத்தியம் செய்வீர்களா என்று கேட்கச் சொன்னார்.

பெரியப்பா எட்ரிக்கை ஏற இறங்கப் பார்த்தார். "உசுரோட இருக்கிறவரைக்கும் எங்க பையன்தானுங்க. செத்துட்டா எங்களுக்கு அடையாளம் தெரியாதுங்க."

"எனக்கு இப்பவே சந்தேகமாத்தான் இருக்கு" என்றார் தாய்மாமன். "அவன் மூக்கைப் பாருங்க. நம்ம ஊர் மூக்கா அது?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஆல்ட்ரெட் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் இவ்வளவு சந்தோஷமாக மொழிபெயர்த்ததே இல்லை.

"உயிரோடிருந்தால் ஆங்கிலேயன், செத்தால் நார்மனா?" என்று கத்தினார் பிரபு.

"எங்களுக்கு அந்த மரியாதை கிடைக்க வேறு வழி வைக்கவில்லையே, பிரபு."

"அப்படியானால் இவனை என்னதான் செய்வது? சாவைவிடக் கடுமையான தண்டனை ஏதாவது இருந்தால் சொல்."

"இருக்கிறது பிரபு. அவிழ்த்து விட்டுவிடுங்கள். உங்கள் ஆட்சியில் ஆங்கிலேயனாகவே வாழட்டும்."

பிரபு கொஞ்சம் யோசித்தார். அது கடுமையான தண்டனைதான் என்று அவருக்கும் பட்டது. கட்டை அவிழ்க்கச் சொன்னார்.