முத்திரை இல்லாத ரிம்

“பேரே இல்லாத இந்த ரெண்டு ரிம்மையும் வச்சுக்கிட்டு நான் என்னக்கா பண்றது?” என்றான் செல்லக்கண்ணு.

பாத்திமுத்து நிமிரவில்லை. கடை வாசலில் ஒரு சக்கரத்துக்கு ஆரக்கம்பி இறுக்கிக்கொண்டிருந்தாள். பழைய மோட்டார் சைக்கிள் ரிம் எதைக் காட்டினாலும் எந்த நாட்டுச் சரக்கு, எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவாள். வயதில் அவனுக்கு இளையவள்தான். தொழில் கற்றுத் தந்தவள் என்பதால் அவனுக்கு அக்கா.

“துருவைச் சுரண்டிப் பாத்தியா?”

“ரெண்டு ரிம்மையும் பாத்தேன். வால்வு ஓட்டைப் பக்கம்கூட முத்திரை இல்ல. ஆரத்துக்கு நாப்பது ஓட்டை. இரும்பு. கோட்டம் இல்ல. அவ்வளவுதான் தெரியுது.”

“அதையே சீட்டுல எழுதிக் கட்டு.”

“வாங்க வர்றவங்க எந்தக் கம்பெனின்னு கேப்பாங்களே?”

“தெரியாதுன்னு எழுது.”

அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்கு வரவில்லை.

செல்லக்கண்ணு அநாதை விடுதியில் வளர்ந்தவன். பெற்றவர்கள் யாரென்று தெரியாது. பவளக்கொடி அது தெரிந்தேதான் அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். அவள் அண்ணனுக்குத் தெரியாது. அவர் நாளை கடைக்கு வருகிறார், குலம் கோத்திரம் விசாரிக்க.

அதற்காக ஒரு ஊரையும் ஒரு அப்பாவையும் கற்பனை செய்து, தாளில் எழுதி, மனப்பாடம் செய்துவைத்திருந்தான். அப்பாவுக்கு மீசைகூட வைத்தாகிவிட்டது.

பாத்திமுத்து சாப்பிடப் போனாள். அவன் எழுத்து உளிகளை எடுத்தான். ஒரு ரிம்மில், பேர்பெற்ற சீமைக் கம்பெனியின் பெயரைச் சுத்தியலால் அடித்துப் பதித்தான்.

அவள் திரும்பி வந்து பார்த்தாள். திட்டவில்லை. அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவினாள். துடைத்தாள். சாக்பீஸ் பொடியைப் பூசிவிட்டுக் காத்திருந்தாள்.

கடைசி எழுத்துக்குக் கீழே, வெள்ளைப் பொடியில் எண்ணெய் கசிந்து கறுப்பாக ஒரு கோடு எழுந்தது.

“விரிசல்,” என்றாள். “காலையில நான் பாத்தப்ப இல்ல.”

அவன் சுத்தியலைக் காலால் பின்னுக்குத் தள்ளினான்.

“எத்தனை குண்டு குழியில விழுந்து எழுந்த ரிம்மு! ஒண்ணும் ஆகல. நீ பேரு வச்ச இடத்துல போச்சு.”

அதைத் தூக்கிக் காயலான் குவியலில் எறிந்தாள். மற்ற ரிம்மை அவன் முன்னால் வைத்தாள்.

“இதுக்கு என்ன எழுதப் போற?”

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. சீட்டை எடுத்தான். நாற்பது ஓட்டை, இரும்பு, கோட்டம் இல்லை என்று எழுதினான். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு, கம்பெனி தெரியாது என்றும் எழுதினான்.

மறுநாள் காலை பவளக்கொடியின் அண்ணன் வந்தார். நாற்காலியில் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

“உங்களுக்கு எந்த ஊரு? யாரு வகையறா?”

செல்லக்கண்ணு சட்டைப்பையில் கைவிட்டான். மீசைக்கார அப்பா நாலாக மடிந்து கிடந்தார். அந்தத் தாளை எடுத்துக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக் கீழே போட்டான்.

“தெரியாதுங்க.”

“தெரியாதுன்னா?”

“பெத்தவங்க யாருன்னு தெரியாது. விடுதியில வளந்தேன். இந்த வேலை தெரியும். உங்க தங்கச்சிகிட்ட எதையும் மறைக்கல.”

அவர் பாத்திமுத்துவைப் பார்த்தார். அவள் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது கோணாமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊருல நாலு பேரு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?”

செல்லக்கண்ணு அவர் கண்ணை நேராகப் பார்த்தான்.

“தெரியாதுன்னே சொல்லுங்க, மச்சான்.”