வலது ஓரத்து உப்பு

இணையத்தில் பஸ் டிக்கெட் விற்கிற தணிகாசலத்துக்கு மகள் கல்யாணத்திலும் கம்பெனிக் கவலைதான்.

"எங்க ஆபீஸ்ல ஒரு சர்வர் படுத்துட்டா இன்னொண்ணு வந்துடும். ஆனா பாதி டிக்கெட் போட்டவனை மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லும். என் பந்தியில அப்படி யாரையாவது ரெண்டாவது தடவை என்ன வேணும்னு கேட்டீங்க, ராத்திரி விருந்துக்கு வேற ஆளு!" என்று பரிமாறும் அஞ்சலாட்சியை மிரட்டினார்.

"கேக்க மாட்டோம் சார்."

சோதித்துப் பார்க்க அவரே பந்தியில் உட்கார்ந்தார். உப்பு வைக்க வந்த அஞ்சலாட்சியிடம், "எனக்குச் சர்க்கரை. இனிப்பு வேண்டாம்" என்று காதோடு சொன்னார். சாம்பார் சாதம் முடிந்ததும் வேண்டுமென்றே அவளை வாசலுக்கு விரட்டினார்.

பக்கத்து வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த துரைக்கண்ணு ஓடி வந்தான். ஒன்றும் கேட்காமல் ரசம் ஊற்றினான். மற்ற இலைகளுக்குப் பாயசம் விட்டவன், இவருக்கு மட்டும் மோர் ஊற்றினான்.

"அவ சொல்லிட்டுப் போனாளா?"

"இல்லையே சார். எல்லார் இலையிலயும் உப்பு இடது ஓரம், உங்களுக்கு வலது ஓரம். அப்படி இருந்தா இனிப்பு கிடையாது. ஆளு போனாலும் இலை இங்கேதானே இருக்கு!"

தணிகாசலம் வலது ஓரத்து உப்பைத் தொட்டுப் பார்த்தார். "வீட்லயே தினமும் மறந்து சர்க்கரை போட்டுடறாங்கப்பா. நான் உனக்கு நன்றி சொல்றதா, அவளுக்கா?"

வாசலிலிருந்து திரும்பிய அஞ்சலாட்சி சிரித்தாள். "யார்கிட்ட சொன்னாலும் எங்க எல்லாருக்கும் வந்து சேர்ந்துடும் சார்."