திரும்பிக்கொண்ட சங்கு

தூத்துக்குடியில் சங்கு ஆராய்ச்சி செய்கிறவர் ஜெசிந்தா மேடம். அவரிடம் ஓவியக் கல்லூரி மாணவி ஒருத்தி வந்து சேர்ந்தாள். பெயர் செவ்வந்தி. மேடம் எழுதும் சங்குப் புத்தகத்துக்கு மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சடித்துத் தருவது அவள் வேலை. இறுதியாண்டுப் படைப்பும் அதுதான். அது தேறினால்தான் பட்டம்.

மாங்கு மாங்கென்று செதுக்கினாள். கை கொப்பளித்துப் போனது. முதல் அச்சை உரித்தெடுத்தபோது அவளுக்கே கண் நிறைந்துவிட்டது. அத்தனை அழகு!

மை காயுமுன் மேடத்திடம் ஓடினாள்.

மேடம் படத்தைப் பார்த்தார். மேசைமேல் இருந்த சங்கைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"ஏ பிள்ள, சாதாரணச் சங்கை வலம்புரி ஆக்கிட்டியே!"

செவ்வந்திக்கு அப்போதுதான் உறைத்தது. அச்சில் எல்லாமே இடம் வலமாகத் திரும்பும். எழுத்தென்றால் திருப்பிச் செதுக்கியிருப்பாள். சங்குதானே என்று பார்த்தது பார்த்தபடியே செதுக்கிவிட்டாள். இறுதியாண்டுப் படைப்புகளை வைக்கும் கல்லூரிக் கண்காட்சியோ தலைக்குமேல் வந்து நிற்கிறது.

"பாக்கறவங்களுக்கு எந்தப் பக்கம் சுத்தினா என்ன மேடம்? அழகா இருக்குல்ல?"

"ரொம்ப அழகு." மனசாரத்தான் சொன்னார்.

பிறகு மேசைச் சங்கை எடுத்துக் கடல்நீர்த் தொட்டிக்குள் போட்டார். தொட்டியில் ஒரு நண்டு, காலிச் சங்குகளில் குடியிருக்கும் வகை. பழைய கூடு அதற்குச் சிறியதாகி இறுகிப் போயிருந்தது.

புதுச் சங்கை அது சுற்றிச் சுற்றித் தடவியது. சட்டென்று வெளியே வந்தது. ஓடில்லாத அதன் பின்னுடல் இளஞ்சதையாய் ஒரே பக்கமாக முறுக்கியிருந்தது. அந்த முறுக்கோடே புதுச் சங்குக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

செவ்வந்தி படத்தையும் நண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் சங்குக்குள்ள இதால இப்படிப் போக முடியாது," என்றாள் மெதுவாக.



மறுநாளே புதுக்கட்டை எடுத்தாள். இந்த முறை அதே வகைச் சங்கு ஒன்றைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் செதுக்கினாள். சங்கின் வாய் வந்ததும், நண்டு புகுந்த வளைவை இடம் வலமாகத் திருப்பி உளியை வளைத்தாள். வேலை இனித்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் புது அச்சோடு வந்து நின்றாள்.

"இப்ப சரியா இருக்கா மேடம்?"

மேடம் நாற்காலியை விட்டு எழவில்லை. தொட்டிப் பக்கம் கை காட்டினார்.

"எங்கிட்ட ஏன் கேக்கே? குடியிருக்கவர்ட்ட போய்க் காட்டு."