சும்மா இருந்த ரெசிஸ்டர்

கோயம்புத்தூரில், லேத் பட்டறைகள் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும் ஒரு தெருவில், மாடியறை ஒன்றில் பூங்கோதை ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்தார். கச்சேரி ஆம்ப்ளிஃபயர் அல்ல. செல்போனுக்குள் உட்கார்ந்து, நம் பேச்சை டவர் வரைக்கும் தள்ளிவிடுகிற ஆம்ப்ளிஃபயர். சுண்டுவிரல் நகத்தளவு இடம்தான் கிடைக்கும். அதற்குள் ஐந்து அலைவரிசைகளுக்கும் அது வேலை செய்தாக வேண்டும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையக் கூடாது, அவ்வளவுதான் இந்தத் தொழிலின் சட்டம்.

அவரிடம் மாணவராக வந்து சேர்ந்தவர் இருதயராஜ். குருவைவிட வயதில் மூத்த மாணவர். வானொலி நிலையத்தில் பெரிய டவரைக் கட்டி மேய்த்தவர். நிலையத்தை மூடியதும் வேலை போயிற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகத் தன் தொழில் நகத்துக்குள் சுருங்கிவிட்டதே என்று அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் இந்த வயதில் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

மறுநாள் காலை போன் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். ஐந்து அலைவரிசையும் ஓடினால் இருதயராஜ் வடிவமைத்த ஆம்ப்ளிஃபயர் கார்டை எடுத்துக்கொள்வார்கள், அவருக்கும் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பூங்கோதை நினைத்தாலும் அவரை வைத்துக்கொள்ள முடியாது.

அன்று பகலில் இரண்டாவது கார்டும் புகைந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

"மேடம், மேஜைமேல வச்சு ஓட்டினா மீட்டர்ல எல்லாம் சுத்தமா இருக்கு. போனுக்குள்ள வச்சா எரியுது. ஏன்?"

பூங்கோதை கடைசிக் கார்டைச் சோதனைப் போனுக்குள் வைத்து ஓடவிட்டார். பிறகு ஆன்டெனா இருக்கும் இடத்தை உள்ளங்கையால் பொத்தினார். மீட்டரில் மின்னோட்ட எண் எகிறியது. சட்டென்று கையை எடுத்தார். எண் இறங்கியது.

"கை பொத்துனா ஆன்டெனா வாங்க மாட்டேங்குதுங்க சார். நாம அனுப்புனது வந்த வழியே திரும்பி வந்து டிரான்சிஸ்டரைச் சுட்டுடுது."

"எவன் அப்படிப் பிடிக்கச் சொன்னான்? எங்க டவரை ஒருத்தனும் கட்டிப்பிடிச்சதில்ல மேடம்!"

"போனைப் பிடிக்காம எப்படிங்க சார் பேசுறது?"

இருதயராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்த ஓரத்துல ஒரு ரெசிஸ்டர் இருந்துச்சே," என்றார் பூங்கோதை.

இருந்தது. பூங்கோதையின் மூல வரைபடத்திலிருந்து அதைத் தூக்கியவர் இருதயராஜ்தான். ஐந்தாவது அலைவரிசைக்கு இடம் போதவில்லை. எத்தனை முறை சோதித்தாலும் அந்த ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் ஓடக் காணோம். தண்டச்சோறு என்று முடிவு கட்டி எடுத்துவிட்டார். திரும்பி வருகிற சக்தி போய் அடங்குவதற்காகவே பூங்கோதை அதை அங்கே வைத்திருந்தார் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. மேஜைமேல் எதுவும் திரும்பி வரவில்லை, அதனால் அது சும்மா இருந்திருக்கிறது.

"நான் எடுத்தப்பவே பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க."

"பார்த்துட்டு, ரெண்டு கார்டு எரியற வரைக்கும் சும்மா இருந்தீங்களா?"

"சொல்லியிருந்தா திருப்பி வச்சிருப்பீங்க. ஏன்னு தெரியாம வச்சிருப்பீங்க. அடுத்த கார்டுல மறுபடியும் எடுத்திருப்பீங்க."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பூங்கோதை சொன்னதில் நியாயம் இருந்ததால் கூடுதலாகவே வந்தது.

"இந்த வயசுல எனக்கு இந்தப் பாடம் வேணாம் மேடம். வேற ஆளைப் பாருங்க."

விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நின்றார். அவர் ஏற வேண்டிய பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்து போயிற்று. வீட்டில் என்ன சொல்வது என்று பயமாக இருந்தது. அதைவிட, அந்தக் கடைசிக் கார்டை அப்படியே விட்டுவிட்டு வந்தது வலித்தது. டிபன் பாக்ஸை மறந்துவிட்டோமே என்று அப்போது நினைவுக்கு வந்தது. நல்ல சாக்கு.

கதவு திறந்துதான் இருந்தது. அவர் நாற்காலி இழுத்துவிட்டபடியே கிடந்தது. அவர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் அணைக்கப்படாமல் சூடாக இருந்தது. அதன் பக்கத்தில் கடைசிக் கார்டு. பூங்கோதை தன் மேஜையில் ஏதோ வேலையாக இருந்தார்.

"டிபன் பாக்ஸ் எடுக்க வந்தேன்."

"எடுத்துக்கங்க சார்."

எடுத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை.

"நான் வருவேன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்புறம் எதுக்கு அயர்னை அணைக்காம வச்சிருக்கீங்க? கரண்ட் வீண்தானே?"

"நீங்க வராம போயிருந்தா வீண்தான்."

இருதயராஜ் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். கண் கலங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ரெசிஸ்டரை வைக்க இடம் வேண்டுமே. கார்டையே வெகுநேரம் பார்த்தார். பக்கத்துப் பக்கத்து அலைவரிசைகள் இரண்டு, ஆளுக்கொரு பாதை போட்டு உட்கார்ந்திருந்தன.

"இது ரெண்டையும் ஒரே பாதையில விடலாமா? ரெண்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்."

"கொடுக்கட்டுங்களே."

கத்தியால் கார்டின் செம்புப் பூச்சைக் கீறினார். ஒரு பாதையை எடுத்தார், மற்றதைச் சற்று அகலமாக்கினார். காலியான மூலையில் அந்த ரெசிஸ்டரை இடுக்கியால் வைத்துப் பற்றவைத்தார். போனுக்குள் மாட்டினார். ஐந்து அலைவரிசையும் ஓடின.

இந்த முறை அவரே ஆன்டெனாவைப் பொத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தார். எண் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது. புகையவில்லை. கையை எடுத்து, போனைத் திறந்து, ரெசிஸ்டரை விரல் நுனியால் தொட்டார். கதகதப்பாக இருந்தது.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் டவர் மேய்த்த புத்தி ஒரு கேள்வி கேட்டது.

"யாரும் பொத்தாம, ஒண்ணும் திரும்பி வராம, எல்லாம் ஒழுங்கா ஓடுற நாள்ல இது என்ன மேடம் செய்யும்?"

"சும்மா இருக்கும் சார்," என்றார் பூங்கோதை. "இருக்கட்டும்."