ஏழுபனைவிளை மூக்குப் பெட்டி

ஏழுபனைவிளையில் ஓலைப் பெட்டி முடைகிற மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை போகிற போக்கில் பிறகு சொல்ல நேரம் கிடைக்காது.

ஒருவர் சுயம்பு. மேஜை அவர் வீட்டில் இருந்ததால் அவர்தான் தலைவர். அடுத்தவர் அவர் மனைவி ராஜகனி. மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டு இஸ்ரவேல். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அவர் செயலாளர். குருத்தோலையை இவர்கள் கையில் கொடுத்தால் பெட்டி, விசிறி, தொப்பி, கிலுகிலுப்பை என்று எது வேண்டுமானாலும் பிறக்கும். விரல்கள் அவ்வளவு கெட்டிக்கார விரல்கள். காதுகள்தான் வேறு மாதிரி. ஒரு சொல் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எடுத்துக்கொள்வார்கள், ஓர் அங்குலம்கூட இப்படி அப்படி நகர்த்த மாட்டார்கள்.

ஓலை வேலை வருஷத்தில் பாதி நாள்தான் சோறு போடும். வெயில் ஏறியதும் மூன்று பேரும் உப்பளத்துக்குப் போயாக வேண்டும். உப்புத் தண்ணீரில் நின்று நின்று ராஜகனியின் பாதங்கள் வெடித்துக் கிடந்தன. அந்த வருஷமும் உப்பள மேஸ்திரி வீடு தேடி வந்து, வைகாசி முதல் திங்கட்கிழமை வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலியிலிருந்து வசுமதி வந்தார். சொந்தமாகக் கைவேலை செய்து விற்கிறவர்களைச் சேர்த்து, கோடைச் சந்தை ஒன்று நடத்துகிற அம்மா அவர். மூன்று பேரின் பெட்டிகளையும் புரட்டிப் பார்த்தார். சந்தையில் ஒரு கடை தருவதாகவும், வெளியூர்க் கடைக்காரர்களெல்லாம் வருவார்கள், சரக்கு பிடித்துப்போனால் வருஷம் முழுக்க வேலை இருக்கும் என்றும் சொன்னார். ராஜகனி குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டார்.

புறப்படும்போது வசுமதி மூன்று விஷயம் சொன்னார். பொருள் முழுக்க முழுக்கக் கையால் செய்ததாக இருக்க வேண்டும். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கக் கூடாது. டிசைனுக்காக எங்கேயும் போய் அலைய வேண்டாம், கண்ணுக்கு முன்னால் எப்போதும் இருப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டால் போதும். இஸ்ரவேல் மூன்றையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

மறுநாள் காலையில் ஓலையைக் கிழிக்க ராஜகனி கத்தியை எடுத்ததுமே முதல் கூட்டம் கூடிவிட்டது. கத்தி கை அல்ல என்று சுயம்பு சொன்னார். கத்தியைப் பிடித்திருப்பது கைதானே என்று ராஜகனி கேட்டார். அப்படியானால் மிஷினைப் பிடித்திருப்பதும் கைதான் என்றார் இஸ்ரவேல். கத்தி பரணுக்குப் போனது. நகத்தால் கிழிக்க ஆரம்பித்தார்கள்.

சற்று நேரத்தில் இஸ்ரவேல் தொண்டையைச் செருமினார்.

“மைனி, ஓலையைக் கால் பெருவிரல்ல மிதிச்சிருக்கிய.”

“ஆமா தம்பி. நுனி நழுவுது.”

“அப்போ இந்தப் பெட்டி கைவினைச் சந்தைக்குப் போகாது. இது பாதி கைவினை, பாதி கால்வினை.”

சுயம்பு வெகுநேரம் யோசித்தார். அந்தக் கால் வேண்டுமென்று செய்ததா, தெரியாமல் செய்ததா என்று விசாரித்தார். பழக்கத்தில் செய்துவிட்டது என்று ராஜகனி ஒப்புக்கொண்டார். இனி அப்படி நடக்காமல் இருக்க, மூன்று பேரும் ஆளுக்கொரு சாக்குக்குள் கால்களை விட்டு இடுப்பில் கயிற்றால் கட்டிக்கொண்டார்கள். பதினோரு மணிக்குத் தபால்காரர் வந்து கூப்பிட்டார். மரியாதைக்கு மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒரே நேரத்தில் விழுந்தார்கள். தபால்காரர் கடிதத்தை அவர்கள் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

சாப்பிட்ட பிறகு இஸ்ரவேலுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. கையால் மட்டும் என்றால், கண்ணால் பார்த்துச் செய்வது சரிதானா? அன்று மாலை வரை மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு முடைந்தார்கள். திறந்து பார்த்தபோது ராஜகனியின் கையில் அழகான தொப்பி ஒன்று இருந்தது. தலை நுழைய இடம் மட்டும் இல்லை. வெயிலில் தலையை வெளியே கொண்டுபோகாதவர்களுக்கு ஆகும் என்று சுயம்பு அதை எடுத்து வைத்தார். பிறகு சுவரில் இருந்த தாளை மறுபடி படித்தார்கள். ‘பார்த்து எடுத்துக்கொண்டால்’ என்று அதில் இருந்தது. அப்படியென்றால் கண்ணுக்கு அனுமதி உண்டு. மூன்று பேருக்கும் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

கண்ணுக்கு முன்னால் எப்போதும் இருப்பது எது என்பதில்தான் இரண்டு நாள் போனது. இஸ்ரவேல் ஆடு என்றார். மூன்று பேரும் ஆட்டுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அது எழுந்து போய்விட்டது. அது எப்போதும் இருப்பதல்ல என்று தாளில் குறித்துக்கொண்டார்கள். சுயம்பு சுவர் என்றார். திரும்பி உட்கார்ந்ததும் சுவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

ராஜகனிதான் கடைசியில் கண்டுபிடித்தார். ஒரு கண்ணை மூடினார், மறு கண்ணை மூடினார், கிழக்கே திரும்பினார், மேற்கே திரும்பினார்.

“நான் எங்க திரும்பினாலும் ஒண்ணு கூடவே வருது,” என்றார்.

“எது?” என்றார் சுயம்பு.

“என் மூக்கு.”

மற்ற இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். உண்மைதான். இத்தனை வருஷமாகக் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தும் கவனிக்காமல் போனோமே என்று சுயம்புவுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

முதல் பெட்டியின் மூடிமேல் ராஜகனி தன் கணவரின் மூக்கை முடைந்தார். நீளமாக இறங்கி, நுனியில் லேசாக வலது பக்கம் திரும்பிய மூக்கு. பிடித்துத் தூக்கினால் மூடி திறந்தது. ஒன்றைப்போல் இன்னொன்று கூடாது என்பதால் அடுத்த பெட்டிக்கு இஸ்ரவேலின் அகலமான மூக்கு. மூன்றாவதில் ராஜகனியின் மூக்கு, சிவப்புச் சாயம் தோய்த்த ஓலையில் மூக்குத்தியோடு. அதோடு வீட்டில் இருந்த மூக்குகள் தீர்ந்துபோயின.

பிறகு ஊருக்குள் போனார்கள். தபால்காரர் மூக்கு, சலூன்காரர் மூக்கு, டீக்கடை அருமைநாயகத்தின் மூக்கு என்று ஒவ்வொருவராக மேஜை எதிரே உட்காரவைத்து முடைந்தார்கள். வடக்குத் தெருவில் இரட்டைப் பிறவி அக்கா தங்கை இருவர் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரே மாதிரி மூக்கு. சட்டப்படி ஒருவரைத்தான் எடுக்க முடியும் என்று இஸ்ரவேல் தாளைக் காட்டினார். அக்காவின் மூக்கு பெட்டியில் ஏறியது. தங்கை அந்த வீட்டுப் பக்கம் பிறகு வரவேயில்லை.

சந்தைக்கு முதல் நாள் இருபத்து மூன்று பெட்டிகள் தயார். அன்றைக்கு வசுமதி போன் செய்தார். மக்கள் பரிசு கொடுக்கத்தான் அதிகம் வாங்குவார்கள், அதனால் எல்லாவற்றையும் அழகாகச் சுத்திக் கொண்டு வந்துவிடுங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மன் கோயிலை மூன்று முறை சுற்றினார்கள். இஸ்ரவேலுக்கு மனக்குறை வேண்டாம் என்று மாதா கோயிலையும் மூன்று முறை சுற்றினார்கள். ‘அழகாக’ என்று சொல்லியிருந்ததால், ஊரிலேயே பார்க்க அழகான இடம் என்று குளக்கரையையும் சுற்றினார்கள். அது பெரிய குளம். ஏழு மணி பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் கண்டக்டர் எட்டிப் பார்த்து, இது ஊரெல்லாம் சுத்திப் போகிற வண்டி, நேராகப் போகிற வண்டி பின்னாலேயே வருகிறது என்று எச்சரித்தார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இப்படியும் ஒரு அதிர்ஷ்டமா என்று ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

பத்து மணிக்குத் திறந்த சந்தைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. வசுமதி வாசலிலேயே நின்றிருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். சொன்னதற்கு மேலேயே சுற்றிவிட்டோம் என்று சுயம்பு பெருமையாகச் சொன்னார். வசுமதி பெட்டிகளைப் பார்த்தார். சுற்றின காகிதம் ஒன்றையும் காணோம். மூக்குகளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சரி, சீக்கிரம் கடையைப் போடுங்க. வர்றவங்க கண்ணுல படுற மாதிரி வைங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“யார் கண்ணுல?” என்றார் இஸ்ரவேல், அவர் போன பிறகு. “நெட்டையா வாரவங்களுக்குப் பட்டா குட்டையா வாரவங்களுக்குப் படாது.”

“எல்லார் கண்ணுலயும் படணும்னுதான் சொன்னாவ,” என்றார் சுயம்பு.

பந்தல் கம்பிலிருந்து பெட்டிகளைப் பல உயரங்களில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். வருகிறவர்களை இஸ்ரவேல் நேராக நிற்கச் சொல்லி உயரம் பார்ப்பார். அந்த உயரத்துப் பெட்டியைச் சுயம்பு லேசாக ஆட்டிவிடுவார். கண்ணாடி போட்டவர்கள் வந்தால், கழற்றிக்கொள்ளும்படி ராஜகனி பணிவாகக் கேட்டுக்கொள்வார். இல்லாவிட்டால் கண்ணாடியில்தானே படும், கண்ணில் படாது.

முதலில் வந்தவர் ரிட்டயர்டான வாத்தியார். கண்ணாடியைக் கழற்றி நின்றார்.

“பட்டுச்சா சார்?” என்றார் சுயம்பு.

“பட்டுச்சு,” என்று சொல்லி, கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் பக்கத்து சோப்புக் கடையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறவர்கள் ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். ஒரு பெட்டிகூடப் போகவில்லை. எல்லார் கண்ணிலும் சரியாகத்தானே பட்டது என்று சுயம்பு ஆச்சரியப்பட்டார். ராஜகனி கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, வெடித்த குதிகாலைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

“நாளைக்குத் திங்கக்கிழமை,” என்றார்.

அப்போது கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ரங்கநாயகி என்ற பரிசுக் கடைக்காரம்மா அந்தப் பக்கம் வந்தார். யாரும் உயரம் பார்ப்பதற்குள் காற்றடித்தது. சுயம்புவின் மூக்கு இருந்த பெட்டி ஆடிவந்து அவர் இடது கண்ணில் பட்டது. ஒரு கையால் கண்ணைப் பொத்தி, மறு கையால் பெட்டியைப் பிடித்து, மீதியிருந்த கண்ணால் அதை உற்றுப் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று ராஜகனி எழுந்து நின்றார்.

“இது யார் மூக்கு?” என்றார் ரங்கநாயகி.

“எங்க வீட்டுக்காரர் மூக்கு.”

ரங்கநாயகி சுயம்புவைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மூக்கைப் பிடித்து மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி சுயம்புவைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று கூட்டம் ஓடிவந்தது. வந்தவர்கள் பெட்டிகளைப் பார்த்தார்கள். ஒருவருக்குத் தன் மாப்பிள்ளையின் மூக்கு கிடைத்தது. ஒருவருக்கு ஆபீஸ் மானேஜரின் மூக்கு. சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு பெட்டிகள் போய்விட்டன. தலை நுழையாத தொப்பியைக்கூட ஓர் அம்மா சாமி படத்துக்கு மேலே மாட்டலாம் என்று வாங்கிக்கொண்டார்.

சுயம்புவின் மூக்குப் பெட்டியை மட்டும் ரங்கநாயகி யாருக்கும் விடவில்லை. அதை ராஜகனியின் கையில் கொடுத்து, முகவரியும் எழுதிக் கொடுத்தார்.

“இதே பெட்டி எனக்கு இருநூறு வேணும். ஆடி பதினெட்டுக்குள்ள பார்சல்ல அனுப்பிடுங்க.”

மறுநாள் மேஸ்திரி வந்தபோது, இருநூறு பெட்டிக்கு ஆர்டர் இருக்கிறது, தலை நிமிர நேரமில்லை என்று ராஜகனி வாசலில் நின்றே சொல்லி அனுப்பினார். அப்படிச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

அன்றே வேலை தொடங்கியது. சுயம்பு முதல் பெட்டியை முடைந்து, பழைய பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஓலை எண்ணிக்கை ஒன்று, உயரம் ஒன்று, மூக்கும் அதே மூக்கு. இஸ்ரவேல் இரண்டையும் நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா அந்தம்மா ‘இதே பெட்டி’ன்னாவ. இது வேற பெட்டி.”

சுயம்பு பெட்டிகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். அப்போதும் ஒன்று அதுவாகவும் மற்றது வேறாகவும்தான் இருந்தது. இன்னும் நான்கு முடைந்து பார்த்தார்கள். நான்கும் வேறு பெட்டிகளாகவே வந்தன. உலகத்தில் ‘இதே பெட்டி’ என்று இருப்பது ஒன்றுதான் என்று தெரிந்தபோது மூன்று பேரும் இடிந்துபோனார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் ராஜகனிக்கு வழி தெரிந்தது. அந்தப் பெட்டியைப் பழந்துணியில் பொதிந்து, கோயம்புத்தூருக்குப் பார்சலில் அனுப்பினார்கள். பிறகு கைகளைக் கழுவிவிட்டுக் காத்திருந்தார்கள்.

பத்து நாள் கழித்து ரங்கநாயகியிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு பெட்டி வந்து சேர்ந்தது, மீதி எப்போது வரும் என்று கேட்டிருந்தார். இஸ்ரவேல் தன் அழகான கையெழுத்தில் பதில் எழுதினார்:

‘அம்மா அவர்களுக்கு வணக்கம். முதல் பெட்டியையே நீங்கள் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. அது வராமல் இரண்டாவது பெட்டியை நாங்கள் எப்படி அனுப்புவது? தாங்கள் இப்படித் தாமதம் செய்தால் ஆடிக்குள் இருநூறும் வந்து சேராது. பிறகு எங்களைக் குறை சொல்லக் கூடாது.’

ரங்கநாயகி அதைக் கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார் என்கிறார்கள். அப்புறம், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று பெட்டியை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

பார்சலைப் பிரித்துப் பார்த்ததும் மூன்று பேருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. ராஜகனி பெட்டியின் மூக்கைத் துடைத்தார். இஸ்ரவேல் ‘இரண்டு’ என்று சீட்டு எழுதி ஒட்டினார். சுயம்பு கயிறு கட்டி முடித்துவிட்டு நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

“ரெண்டு முடிஞ்சுட்டு,” என்றார். “ஆனா இந்த வேகத்துல வேலை வந்தா நம்ம மூணு பேரால சமாளிக்க முடியாது. இன்னும் நாலு ஆளைச் சேக்கணும்.”