மன்னிப்புக்கு அடுத்த பந்து

"அண்ணே, பவுன்சர் போடப் போனா கை பந்தை விடமாட்டேங்குது."

ரொசாரியோ பயிற்சி வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

மறுபடியும் சொல்ல வாயெடுத்தபோதுதான் இசக்கிராஜாவுக்கு உறைத்தது. அவன் நின்றது அவருடைய இடது பக்கம். அந்தக் காது கேட்காது. கேட்காமல் செய்தவனே அவன்தான்.

சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனான். திரும்பச் சொன்னான்.

"எப்பயிருந்து?" என்றார் ரொசாரியோ.

"உங்களுக்கு அடிபட்டதுலேருந்து."

போன வருஷம் நடந்த ஆட்டம் அது. இசக்கி வீசிய பவுன்சர் தரையில் குத்தித் தலை உயரத்துக்கு எழும்பி, ஹெல்மெட்டுக்குக் கீழே புகுந்து, எதிரணியில் ஆடிய ரொசாரியோவின் இடது காதுக்குப் பின்னால் பட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர் மட்டையைத் தொடவில்லை. தூத்துக்குடியில் வேகப்பந்து வீச்சு சொல்லிக் கொடுக்கிறார். பேட்ஸ்மேனுக்கு இது எதற்கு என்று ஊரில் சிலர் கேட்டார்கள். எந்தக் காதில் கேட்டார்களோ, அவர் பதில் சொன்னதில்லை.

"ஞாயித்துக்கிழமை ஃபைனல்ண்ணே. பவுன்சர் போடலன்னா டீம்ல கிடையாதுன்னு கேப்டன் சொல்லிட்டாரு. எனக்கு வேற வேலையும் தெரியாது."

"போட வேண்டியதுதான?"

"இன்னொருத்தன் தலையில பட்டு, அவன் செத்துட்டா?"



ரொசாரியோ கயிற்றின் கடைசி முடிச்சைப் போட்டார். சாமான் அறைக்குள் போனார்.

வெளியே வந்தபோது காலில் பேடு, தலையில் ஹெல்மெட், கையில் மட்டை.



"என்னண்ணே இது?"

"பவுன்சர் போடு."

"உங்களுக்கா? மாட்டேன்."

"பின்ன எதுக்குல வந்த?"

முதல் பந்து அவர் காலடியில் விழுந்தது. தட்டிவிட்டார்.

அடுத்தது எங்கேயோ ஓரமாகப் போனது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

மூன்றாவது ஒரு வழியாக எழும்பியது. கும்பிடு போட்டுக்கொண்டு வருவது போல மெதுவாக வந்தது. ரொசாரியோ மட்டையை இடுக்கிக்கொண்டு கையால் பிடித்தார்.

"அன்னைக்கு என்னைய அடிச்சது உன் வேகம்னு நெனைக்கியா?"

"ஆமாண்ணே."

"அதுக்கு முந்தின பந்து எங்க பட்டுச்சு?"

இசக்கி யோசித்தான்.

"தோள்ல."

"நீ என்ன செஞ்ச?"

"ஓடி வந்து, மன்னிச்சுக்கிடுங்கண்ணேன்னு சொன்னேன்."

"அப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். அழுதுருவ போல இருந்த. பாவம், இவன் இனி தலைக்குப் போடமாட்டான்னு நம்பிட்டேன். அடுத்த பந்துக்குக் குனிய நெனைக்காம காலைத் தூக்கி முன்னால வச்சிட்டேன்."



"திரும்பிப் போகையில, தலைக்கே போடுன்னு கேப்டன் ஏசுனாருண்ணே. அதான் போட்டேன்."

"அத எனக்கு யாரு சொன்னா?"

பந்தை அவனிடம் எறிந்தார்.

இசக்கி ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு நடந்தான். திரும்பிப் பார்த்தான். ரொசாரியோ தயாராக நின்றார். அப்போதுதான் கவனித்தான். அவர் கையிலிருந்த மட்டை நடுங்கிக்கொண்டிருந்தது.

பெரிய மனுஷர் என்று நினைத்திருந்தவருக்கும் அப்படி ஒரு நடுக்கம். அதைப் பார்த்ததும் இவனுக்குப் பயம் இன்னும் கூடித்தான் போனது.

ஓடினான். தலைக்குத்தான் போடப் போகிறான் என்பதை இந்தத் தடவை முகத்தில் மறைக்கவில்லை. கையையும் இழுத்துப் பிடிக்கவில்லை. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி பாதித் தூரத்தில் குத்தினான்.

பந்து சீறிக்கொண்டு எழும்பியது.

ரொசாரியோ தரையோடு தரையாகக் குனிந்தார். அவர் தலை இருந்த இடத்தின் வழியாகப் பந்து போனது. பின்னால் வலையில் மோதி, சற்றுமுன் போட்ட முடிச்சுகளை அறுத்துக்கொண்டு வெளியே விழுந்தது.

இசக்கி அலறிக்கொண்டு ஓடி வந்தான். மன்னிப்பு வாய்வரை வந்துவிட்டது.

ரொசாரியோ மண்டியிட்டபடியே கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கேயே நில்லு."

நின்றான்.

அவர் மெல்ல எழுந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வெளிறிப்போயிருந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏல, பயம் போயிட்டா?"

"இல்லண்ணே."

"எனக்கும் போகல."

ஹெல்மெட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"அடுத்தது போடு."